தம் பெயரைத் திருப்பிக் கேட்டவர்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் காலைப் பூசை முடிந்து, சிராங்கூன் சாலைப் பூக்கடைகளைக் கடந்து வீடு வந்து சேர்ந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பேசியவர் துரை. ஜூரோங் கப்பல் பட்டறையில் எங்களோடு பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். “ஐயா, சூசை அண்ணன் போயிட்டாருய்யா. விடியக்காலையில. தூக்கத்துலயே” என்றார். கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை எங்கே வைத்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

அந்தக் கலக்கத்திலும் ஒன்று என் செவியில் தங்கியது. துரை ‘சூசை’ என்று மட்டும் சொல்லவில்லை. ‘சூசை அண்ணன்’ என்றார். பட்டறையில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். அங்கே ‘சூசை’ என்றால் அது ஒரு தகரத் துண்டு. மனிதரைக் குறிக்க வேண்டுமானால் ‘அண்ணன்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பொருளுக்குப் பெயர் முழுதாகப் போய்விட்டது. பெயருக்கு உரியவருக்கு ஓர் ஒட்டுச்சொல் தேவைப்பட்டது. கடைசிவரை அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தத் தகரத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்பது. அதை நாங்கள் செய்து கொடுக்கவில்லை. தகரத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியவன் நான். அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்க உரிமை இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

அவரை அறிந்தவர்களோடு அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். எழுபதுகளின் முற்பகுதி. ஜூரோங்கில் ஒரு சிறிய பட்டறை. கப்பலின் அடிவயிற்றில் உள்ள தொட்டிகளுக்குள் இறங்கித் துரு சுரண்டி வண்ணம் பூசும் குழுவுக்குச் சூசை மண்டோர், அதாவது தலைமையாள். நான் நேரக்கணக்கர், யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று குறிப்பது என் வேலை. அவர் கத்தோலிக்கர். புக்கிட் பாஞ்சாங் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது சிற்றூரிலிருந்து, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். நான் சைவன். மதிய உணவு வேளையில் நான் பழம்பாடல்களுக்குப் பொருள் சொல்வேன். அவர் புனிதர்களின் கதை சொல்வார். “ஐயா, உங்க சாமிக்கு ஆயிரம் பேரு. எங்க சூசையப்பர் பாவம், தச்சு வேலைக்காரரு. ஒரே பேரு. அதையும் ஊருல பாதிப் பேருக்குக் குடுத்துட்டாரு” என்று சொல்லி, தம் பெரிய மீசை நடுங்கச் சிரிப்பார்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தொட்டியிலிருந்து ஏறி வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். சூசை சோற்றுப் பொட்டலங்களைக் கொடுத்து முடித்தபோது ஒன்று மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். அடுத்த கணம் பொட்டலம் தரையில் கிடந்தது. அவர் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். வண்ணத்தின் நெடியில் மயங்கிக் கிடந்த ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். அந்த மனிதர் பிழைத்தார். அடுத்த திங்கட்கிழமை சூசை ஒரு துணிப்பையோடு வந்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, கை கிழிக்காதபடி ஓரத்தை அராவி, ஆணியால் எண் குத்திய தகடுகள் பையில் இருந்தன. ஆளுக்கு ஒன்று. “படக்கொட்டாயில சைக்கிள விட்டா டோக்கன் குடுக்கிறான்யா. சைக்கிளவிட மனுசன் மட்டமா?” என்றார்.

அவர் வகுத்த முறை எளியது. தொட்டிக்குள் இறங்குபவர் தம் தகட்டைத் தாமே தொட்டியின் வாயருகே வைத்த பலகையில் உள்ள ஆணியில் மாட்ட வேண்டும். மேலே வந்ததும் தாமே கழற்றி, என் அறைக்கு வந்து என் கையில் கொடுக்க வேண்டும். நான் முகத்தைப் பார்த்து, எண்ணுக்கு நேரே குறி போட்டு, மறுநாள் காலை தகட்டைத் திருப்பித் தர வேண்டும். பலகையில் ஒரே ஒரு தகடு தொங்கினாலும் தொட்டியின் மூடியைப் போடக்கூடாது. உள்ளே காற்றை அனுப்பும் இயந்திரத்தை நிறுத்தக்கூடாது. “ஐயா, தகட்ட வாங்குறப்ப மூஞ்சியப் பாருங்க. மூஞ்சியப் பாத்தாத்தான் ஆளு வெளிய வந்த மாதிரி” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார்.

மேலிடத்தார் அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் எவர் வாயிலும் நுழையவில்லை. அந்த ஆண்டு பொங்கலன்று உணவகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் கூடினோம். நான் ஒரு வெண்பா எழுதிப் படித்தேன். உயிர் காக்கும் தகட்டைப் புகழ்ந்து, அதன் பெயர் சூசை என்று முடித்தேன். கைத்தட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. கை கழுவும் இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, வேணாம்யா. அது என் பேரு இல்ல. சூசையப்பர் பேரு. ஞானஸ்நானத்துல எனக்கு இரவலாக் குடுத்தது. இரவல் வாங்குனத எடுத்துத் தகரத்துல ஒட்டலாமா?”

நான் சிரித்தேன். “பேர் நிலைச்சா புகழ் நிலைக்கும், சூசை” என்றேன். அன்று அவ்வளவு இனிப்பாக இருந்த அந்த வாக்கியம் இன்று நினைத்தால் நாவில் கசக்கிறது.

பெயர் பரவிய வேகம் எங்களுக்கே வியப்பாக இருந்தது. இரண்டே மாதங்களில் சீனரும் மலாய்க்காரரும் அதைச் சொன்னார்கள். பற்றவைப்பு வேலை பார்த்த ஆ செங் காலையில் பலகையைத் துழாவியபடி, “வேர் மை சூசைலா? யாரு எடுத்தா?” என்று கத்துவார். “ஒன் சூசை ஒன் பாக்கெட்டுலதான் தொங்குது, கண்ண மூடிக்கிட்டுத் தேடுறியாக்கும்” என்று துரை பதில் கொடுப்பார். ‘சூசை ஏறியாச்சா’ என்றால் ஆள் உள்ளே. ‘சூசை இறங்கியாச்சு’ என்றால் ஆள் வெளியே. சூசை தலையைக் குனிந்துகொண்டு நடப்பார். ஆனாலும் அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு கூச்சம் கலந்த மகிழ்ச்சி இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

கோவிந்தனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். சூசையின் குழுவில் மிக வேகமான கை அவருடையது. வேலை முடிந்ததும் ஓடிப்போய் நிறுவன லாரியில் முன்பக்கம் இடம் பிடிப்பார். “அண்ணே, நீங்க மெதுவா வாங்க. ஒங்க மீசைக்குத் தனியா எடம் போட்டு வைக்கிறேன்” என்று சூசையைச் சீண்டுவார். சூசை அப்போது சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். சில நாள் கோவிந்தனும் அதில் பின்னால் ஏறிக்கொள்வார். இருவர் வீடும் ஒரே திக்கு.

அன்று பிற்பகல் வானம் கறுத்துவிட்டது. தொட்டியிலிருந்து கடைசியாக ஏறி வந்தவர்கள் அவ்விருவர்தாம். பலகை அருகே வந்ததும் மழை கொட்டத் தொடங்கியது. கோவிந்தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். “அண்ணே, கையெல்லாம் பெயிண்டு. என்னோடதையும் சேத்து எடுத்துடுங்க. நான் கழுவிட்டு லாரிக்கு ஓடிடுறேன்” என்றார். சூசை தம் தகட்டைக் கழற்றினார், கோவிந்தனுடையதையும் கழற்றினார். தம் விதியைத் தாமே மீறியது அந்த ஒரு முறைதான். நண்பன் நனைய வேண்டாம் என்ற அன்பைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அவர் என் அறைக்கு வந்தபோது மீசையிலிருந்து நீர் சொட்டியது. இரண்டு தகடுகளையும் நீட்டி, “முப்பத்தொண்ணு கோவிந்தன். கை கழுவுறான்” என்றார். ‘அவர் வரட்டும்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நானோ இரண்டையும் வாங்கிக்கொண்டு, தலை துவட்ட ஒரு துண்டைக் கொடுத்தேன். முப்பத்தொன்றுக்கு நேரே குறி போட்டேன்.

கோவிந்தன் கை கழுவும்போது, தம் டார்ச் விளக்கை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஓடிப்போய் மறுபடி இறங்கியிருக்கிறார். தொட்டியைப் பூட்டும் பொறுப்பு அன்று துரைக்கு. அவர் பலகையைப் பார்த்தார். ஒரு தகடும் இல்லை. ஆனாலும் ஒரு முறை குனிந்து குரல் கொடுத்தார். இரும்புத் தளத்தில் மழை விழும் ஓசையில் எந்தக் குரல் எவருக்குக் கேட்கும்? பூசிய வண்ணம் நனையாமல் இருக்க மூடியைப் போட்டு முடுக்கினார், இயந்திரத்தை நிறுத்தினார். லாரியில் யாரோ, “கோவிந்தன் எங்கய்யா?” என்று கேட்டிருக்கிறார்கள். “சூசை இறங்கியாச்சு, ஆளு வெளியதான். அண்ணன் பைக்குல தொத்திக்கிட்டிருப்பான்” என்று பதில் வந்திருக்கிறது. சூசையோ அவர் லாரியில் போய்விட்டார் என்று நினைத்துத் தனியே வண்டியைக் கிளப்பினார். கூடுதல் வேலை இருக்கும் நாட்களில் பட்டறையிலேயே தங்கிவிடுவது கோவிந்தனின் வழக்கம் என்பதால் வீட்டிலும் தேடவில்லை.

மறுநாள் காலை மூடியைத் திறந்தார்கள். அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குத் திடம் இல்லை. டார்ச் விளக்கு அவர் கையில் இருந்தது. அதன் ஒளி தீர்ந்துபோயிருந்தது.

விசாரணை நடந்தது. சூசை எழுந்து நின்று, எவரும் கேட்பதற்கு முன்பே, “எடுத்தது நான். ரெண்டையும் நான்தான் எடுத்தேன். வேற யாரு மேலயும் தப்பு இல்ல” என்றார். எடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். “ஆபீசுல குடுத்தேன்” என்றார். யாரிடம் என்று அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் இருந்த விசுப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். எழ வேண்டும் என்று நினைத்தேன். எழவில்லை. நாள்தோறும் இறைவன் முன்னிலையில் என் பிழை பொறுக்க வேண்டும் என்று பண்ணோடு பாடிய வாய் அது. பிழையைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் மூடிக்கொண்டது. இதைப் பற்றி நானும் சூசையும் ஒரு நாளும் பேசியதில்லை.

அவரை எச்சரித்து விட்டுவிட்டார்கள். தொழிலாளர்களோ அவரைக் கொண்டாடினார்கள். மழைதான் காரணம், விதிதான் காரணம் என்றார்கள். அவர் மண்டோர் பொறுப்பை விட்டு விலகி, பலகைக்குக் காவல் நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் அந்தப் பலகையின் பக்கத்தில் நின்றார். ஏறி வரும் ஒவ்வொரு முகத்தையும் இரு கைகளாலும் பிடித்துப் பார்க்காத குறையாகப் பார்ப்பார். அவரைச் சுற்றிலும் நாள் முழுதும் ஒரே ஒலி. சூசையக் குடு, சூசைய மாட்டு, ஏய் ஒன் சூசை கீழ கெடக்குது பாரு. முதலில் ஒவ்வொரு முறையும் அவர் தலை திரும்பும். பிறகு திரும்புவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் தோள் மட்டும் சற்று அதிரும். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “ஒரு நாளைக்கு எத்தன தடவ என் பேரச் சொல்றாங்க தெரியுமாய்யா? ஒருத்தன்கூட என்னைய கூப்பிடல.”

பெயர் சொல்லி அழைத்தால் பெயருக்கு உரியவன் செவி சாய்ப்பான் என்பது நாங்கள் வழிபடும் முறைக்கே அடிப்படை. மலர் ஒன்று, பெயர் ஒன்று என்று ஆயிரம் முறை அழைக்கிறோம். அழைக்கப்படுபவன் அந்தப் பெயருக்குள் இல்லை என்றால், அந்த அழைப்பு எங்கே போகும்? அன்றிலிருந்து அர்ச்சனையின்போது இந்தக் கேள்வி எனக்குள் வந்துவிடுகிறது. விரட்டியும் போகவில்லை.

கோவிந்தனின் ஆண்டுத் திதிக்கு நாங்கள் இருவரும் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போவது வழக்கம். அவருடைய மனைவி ஒரு முறையும் கடுமையாகப் பேசியதில்லை. மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ, காப்பியைக் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னார்: “டேங்க் வேலைக்குப் போகாதீங்கன்னு சொன்னா சிரிப்பாருண்ணே. சூசை இருக்குற வரைக்கும் எனக்குப் பயமில்லைன்னு சொல்லுவாரு. அந்தத் தகரத்தச் சொன்னாரா, ஒங்களச் சொன்னாரான்னு இப்பவும் எனக்குத் தெரியல.”

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். சூசை காப்பியைத் தொடவில்லை. கீழே இறங்கிப் பேருந்து நிறுத்தம் வரை வந்தவர், அங்கே இருந்த விசுப்பலகையில் சரிந்து உட்கார்ந்தார். எங்கள் பேருந்து வந்து நின்று போயிற்று. “ஐயா, அந்தப் பேர எடுத்துருங்க. தகரம் இருக்கட்டும், நான் நிக்கிறேன், சாகுற வரைக்கும் நிக்கிறேன். பேர மட்டும் எடுத்துருங்க. நீங்கதான வெச்சீங்க, நீங்களே எடுத்துருங்கய்யா” என்றார். நெஞ்சில் கைவைத்து எடுப்பேன் என்று சொன்னேன்.

எடுக்க முயன்றேன். பலகையின் மேல் ‘எண் தகடு’ என்று எழுதி ஒட்டினேன். உணவகத்தில் எழுந்து நின்று, இனி அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “அதெப்படிங்கய்யா? அண்ணன் மனசு ஒடஞ்சு கெடக்காரு. இந்த நேரத்துல அவரு பேர எடுத்தா நாமளும் கைவிட்ட மாதிரி ஆகாதா?” என்றார் துரை. எல்லோரும் ஆமாம் என்றார்கள். அன்று மாலையே துரை சிவப்பு வண்ணத்தில், என் தாளைக் கிழித்துவிட்டு, பலகையின் தலையில் ‘சூசை’ என்று பெரிதாக எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சூசை பூசைக்குப் போகவில்லை. தனியாகப் பட்டறைக்கு வந்து, துரு சுரண்டும் உளியால் தம் பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை வந்த தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். “மேலிடத்துக்காரன் அழிச்சுட்டான்யா! அண்ணன் பேர அழிச்சா விட்டுருவோமா?” என்று, முன்னைவிடப் பெரிதாக, இரண்டு பூச்சு எழுதினார்கள். எழுதி முடித்துவிட்டு அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அவர் நன்றி சொன்னார். நகக்கண்களில் சிவப்புத் தூள் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பாட்டில் தாம் சொன்ன ஓர் உவமையே பெயராகி, பெற்றோர் இட்ட பெயர் மறைந்துபோன புலவர்கள் பழங்காலத்தில் இருந்தார்கள். போரில் இறந்தவன் பெயரைக் கல்லில் பொறித்து, மயிற்பீலி சூட்டி வணங்கியதும் உண்டு. அவையெல்லாம் இறந்தபின் நேர்ந்தவை. உயிரோடு நிற்கும் ஒருவர் முன்னால் அவர் பெயரைத் தகரத்தில் ஏற்றி, அதை நாளெல்லாம் அவர் காதருகில் கூவியவர்கள் நாங்கள். அதற்கு நான் கற்ற எந்த நூலிலும் ஒரு முன்மாதிரி கிடைக்கவில்லை. அன்பினால் ஒரு மனிதரை இப்படியும் வதைக்க முடியும் என்பதை எவரும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

எண்பதுகளில் நான் ஓய்வு பெற்றேன். பிறகு அவரும் ஓய்வு பெற்று, புக்கிட் பாத்தோக்கில் கிடைத்த அடுக்குமாடி வீட்டுக்கு மனைவி ஞானம்மாவோடு குடிபோனார். அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. இந்த ஆண்டு தொடக்கத்தில் பார்க்கப் போனபோது, தலைமாட்டில் வழக்கமாக இருக்கும் சூசையப்பர் படம் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“நல்ல சாவு குடுக்குறவரு அவருதான்யா. சின்னதுலேர்ந்து அதைத்தான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டு வந்தேன். இப்பக் கூப்பிடலாம்னா அவரு பேரு வாயில வரல. அந்தப் பேரச் சொன்னா எனக்கு மழைச் சத்தம் கேக்குது.”

அறுபதாண்டு கற்ற பாடல்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் ஒன்றையும் அந்தக் கட்டிலருகே சொல்லத் துணியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஒண்ணே ஒண்ணு. என் அடக்கத்துக்குப் பசங்க அந்தத் தகரத்தக் கொண்டாருவாங்க. எனக்குத் தெரியும். வர விடாதீங்கய்யா.” இந்த முறையும் நான் சரி என்றேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. தேவாலயத்தின் படியில் துரை ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றார். பக்கத்தில் ஆ செங். பை குலுங்கும் ஓசையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன துரை அது?”

“பழைய சூசைங்கய்யா. பிளாஸ்டிக் கார்டு வந்தப்ப தூக்கிப் போட மனசில்லாம ஆளுக்கொண்ணு வெச்சிருந்தோம். லீவு கெடைக்காதவங்க எல்லாரும் என்கிட்ட குடுத்துவிட்டாங்க. அண்ணன் நெஞ்சு மேல வெச்சுரலாம்னு.”

“எத்தனை பேரோடது?”

“பதினெட்டுய்யா. என்னோடத சேத்து.”

“அங்கிள், எவ்ரிபடி லவ் ஹிம்லா” என்றார் ஆ செங், கண்களைத் துடைத்துக்கொண்டு.

நான் வாசலில் குறுக்கே நின்றேன். “ஒரு கையிலேர்ந்து பதினெட்டு தகட்ட நான் வாங்க மாட்டேன், துரை. ஒரு தடவ ரெண்டு வாங்கினேன்.”

“என்னய்யா சொல்றீங்க?”

அப்போதுதான் சொன்னேன். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் விசாரணை அறையில் சொல்லியிருக்க வேண்டியதை, தேவாலயப் படியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடி சொன்னேன். முகத்தைப் பாராமல் வாங்கியவன் நான், குறி போட்டவன் நான் என்று. துரை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். “மூடியப் போட்டவன் நான்யா. இத்தன வருசமா நான் ஒருத்தன்தான்னு...” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். அவரும் அத்தனை ஆண்டுகள் அதைச் சுமந்திருக்கிறார். ஒரே உணவு மேசையில் உட்கார்ந்து மூவரும் தனித்தனியே சுமந்திருக்கிறோம்.

துரை பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “அப்ப அண்ணனுக்கு நாங்க என்னதான்யா குடுக்குறது?”

“அந்தப் பேர இனிமே தகரத்துக்குச் சொல்லாதீங்க. அதுதான் அவர் கேட்டது.”

“வாயில வந்துருச்சேய்யா. வேற என்னன்னு சொல்லுவோம்?”

பை உள்ளே போகவில்லை. அந்த அளவுக்கு என் வாக்கு நின்றது. திருப்பலியில் குருவானவர், ‘உம் ஊழியர் சூசை’ என்று மன்றாடினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவர் ஒரு மனிதருக்காகச் சொல்லிக் கேட்டேன். தலை திரும்பவில்லை. தோளும் அதிரவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம், பட்டறையில் இப்போது என் நாற்காலியில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். எழுத்தில் எங்காவது அந்தச் சொல் இருந்தால் நீக்கிவிடும்படி வேண்டினேன். “இப்ப எல்லாம் பிளாஸ்டிக்தான் சார். ஆனா எல்லாரும் சூசை கார்டுன்னுதான் சொல்றாங்க” என்றார். பிறகு தயங்கி, “சூசைங்கறது ஒரு ஆளா சார்? நான் அந்தக் கார்டு செய்யிற கம்பெனி பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். ஆம், ஓர் ஆள் என்றேன். அதற்கு மேல் அவருக்கு எதை விளக்குவது? நான் விட்ட சொல் என்னை விட்டு அவ்வளவு தூரம் போய்விட்டது. அவரை அறிந்த உங்களிடம் மட்டும் கேட்கிறேன். நீங்களாவது அதைச் சொல்லாதீர்கள். தகட்டுக்கு மனிதப் பெயர் ஒன்று வேண்டியே தீரும் என்றால், முகம் பாராமல் வாங்கிய என் பெயரை வையுங்கள்.

பதினாறாம் நாள் ஞானம்மாவைப் பார்க்கப் போனேன். சூசையப்பர் படம் முன்பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தது. சூசை திருப்பினாரா, ஞானம்மா திருப்பினாரா என்று கேட்கவில்லை. ஞானம்மா ஜெபமாலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு தகரத் தகடு. ஆணியால் குத்திய எண்: முப்பத்தொன்று. விசாரணை முடிந்த வாரம் என் மேசையிலிருந்து காணாமல் போன தகடு. “இத ஐயாகிட்ட குடுக்கச் சொன்னாரு. ‘வாங்குனவரு கையிலயே இருக்கட்டும்’னாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியல” என்றார்.

அவர் ஒன்றையும் மறக்கவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை, பிறகும் என்னிடம் சொல்லவில்லை, இத்தனை ஆண்டுகள் என்னோடு ஒரே பேருந்தில் கோவிந்தனின் திதிக்கு வந்திருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது இதுதான். என் பூசை மாடத்தின் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். காலையில் விளக்கேற்றும்போது அதன் மேல் ஒளி விழுகிறது. அதை நான் எந்தப் பெயராலும் அழைப்பதில்லை. கழற்றித் துடைப்பதும் இல்லை. அதற்கு உரியவர் மேலே வந்து, தம் கையால் எடுத்து, என் முன்னால் முகம் காட்டவில்லை.